மனமும் உளமும்: உளவியல் அறிமுகப் பாடம் தமிழுக்கு வந்த வழி

கல்லூரியில் உளவியலை முதன்முதலாகப் பயிலும் மாணவர் எடுத்துக்கொள்ளும் தொடக்கப் பாடம் எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்துள்ளது. நரம்பு மண்டலம், புலன்கள், கவனம், கற்றல், நினைவு, ஊக்கம், மனவெழுச்சி, நுண்ணறிவு, ஆளுமை என இயல்கள் தொடர்கின்றன. தமிழில் இப்பாடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1960களிலிருந்தே தொடங்குவர். அன்றைய சென்னை மாநிலத்தில் சில கல்லூரிகளின் பி.ஏ. வகுப்புகள் தமிழ்வழியில் நடைபெறத் தொடங்கியதும், பாடநூல்கள் அரசுச் செலவில் எழுதப்பெற்றதும் அக்காலத்திலாகும். பாடநூலின் வரலாறு என்ற அளவில் இது பொருத்தமே. சொற்களின் வரலாறு என்று கொண்டால் பொருந்தாது. மேற்கண்ட இயல்களை வழங்கும் தமிழ்ச் சொற்களுள் முதன்மையானவை சில, பாடநூல் எழுதப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தத்துவ வகுப்பைச் சூழ்ந்த சைவ அறிஞர் வட்டத்தில் புழங்கியவை. அவ்வட்டத்தின் இடங்களுள் ஒன்று திருவனந்தபுரம்.

கிழக்கேகோட்டையை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துள்ளன. கோட்டை வாயிலுக்கு வெளியே, திவான் இராசா கேசவதாசரின் காலத்தில் உருவான சாலைக் கம்போளத்தில் தமிழ் வணிகர் மிகுதி. அங்கிருந்து வடக்கே நடந்துசெல்லும் தொலைவில், 1866இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய மகாராசா கல்லூரி இருந்தது. இன்று அது பல்கலைக்கழகக் கல்லூரி எனப் பெயர்கொண்டுள்ளது. தமிழும் மலையாளமும் தெருவில் கலந்து வழங்கும் இடத்தில், ஆங்கிலத்தில் நடந்த வகுப்பொன்றில் மனத்தைப் பற்றிய ஐரோப்பியக் கல்வி தமிழறிஞரின் கைக்கு வந்தது.

தத்துவ வகுப்பில் மனம்

அக்காலத்தில் உளவியல் தனிப்பாடமன்று. தத்துவப் படிப்பின் ஒரு கூறாக, ஒழுக்கவியலோடு இணைந்து, மன ஒழுக்க அறிவியல் என்னும் பொருள்படும் பெயரில் கற்பிக்கப்பட்டது. அலெக்சாண்டர் பெயின் 1868இல் வெளியிட்ட நூலின் தலைப்பே அதுவாகும். வில்லெம் வுண்ட் லைப்சிக் நகரில் தம் ஆய்வுக்கூடத்தை 1879இல் நிறுவினார். அதற்கு அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்ற பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897), ஆசிரியர் இராபர்ட் ஆர்வி ஓய்வுபெற்றபின் 1885இல் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். ‘மனோன்மணீயம்’ (1891) ஆசிரியராகவும் திருவிதாங்கூர் அரசர் வரலாற்றை ஆராய்ந்தவராகவும் அவரை உலகம் அறியும். அவர் நாள்தோறும் செய்த பணி, ஆங்கிலத் தத்துவத்தை இளைஞர்க்கு விளக்குவதாகும். அறிவுத் துறைகளைத் தமிழில் வகைப்படுத்திக் காட்டும் ‘நூற்றொகை விளக்கம்’ இவ்விரு வாழ்க்கைக்கும் இடையே பிறந்த சிறுநூல். தமிழ் ஆய்வாளர் அதற்கு உரிய இடம் தந்திலர் என்றே சொல்ல வேண்டும்.

சுந்தரம் பிள்ளை சைவ சித்தாந்தத்தில் ஆழ்ந்தவர். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஆசானாகக் கொண்டவர். இங்குதான் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் எழுகிறது. பெயின் போன்றோர் எழுதிய நூல்களில் அறிவதும் உணர்வதும் விரும்புவதும் மனமே. அனுபவத்தின் தலைவன் அதுவாகும். சித்தாந்தத்திலோ மனம் கருவி. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கனுள் அது ஒன்று. மாயையின் காரியமாதலால் தானாக அறியாதது, சடம். அறிவது உயிர். ஆகவே ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ‘மனம்’ என்று எழுதியவுடன், கற்றறிந்த தமிழ் வாசகர்க்குக் கருவியைப் பற்றிய நூல் என்ற பொருள் தோன்றும். ‘மனோதத்துவம்’, ‘மனத்தத்துவ சாத்திரம்’ என்ற பழைய பெயர்கள் இச்சுமையோடுதான் வழங்கின. தத்துவம் என்ற சொல்லும் சித்தாந்தத்தில் முப்பத்தாறு மூலக்கூறுகளைக் குறிக்கும் கலைச்சொல்லாதலால் சுமை இரட்டித்தது. தெலுங்கில் ‘மனஸ்தத்வ சாஸ்த்ரம்’ இன்றும் இடையூறின்றி வழங்குகிறது. தமிழில் அதனை ஒத்த பெயர் நிலைக்காமல் போனதற்குத் தனித்தமிழ் இயக்கம் மட்டும் காரணமன்று என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

மற்றொரு பொருத்தமின்மை இதனினும் நுட்பமானது. பெயின் மனத்தின் செயலை உணர்ச்சி, விருப்பு, அறிவு என மூன்றாகப் பகுத்தார். சித்தாந்தத்திலும் உயிரின் ஆற்றல்கள் மூன்று: அறிவு, இச்சை, செயல். இரு பகுப்புகளும் பார்வைக்கு ஒத்திருப்பினும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை. சித்தாந்தப் பகுப்பில் உணர்ச்சிக்குத் தனியிடம் இல்லை. அது இச்சையுள் அடங்கும், அல்லது வினைப்பயன் நுகர்ச்சியுள் அடங்கும். அறிவைப் பற்றிய இயல்களுக்குத் தமிழில் சொற்கள் விரைவில் அமைந்ததற்கும், மனவெழுச்சி பற்றிய இயலுக்கு இன்றுவரை ஒருமித்த சொல் அமையாததற்கும் இத்தொன்மையான வேறுபாடு ஒரு காரணமாகலாம்.

அறிதுயில்

1890களின் நடுப்பகுதியில் திருவனந்தபுரத்தில் மார்த்தாண்டன் தம்பி என்பவரின் பள்ளியில் குறுகிய காலம் தமிழாசிரியராக இருந்தவர் பிற்காலத்து மறைமலை அடிகள், அன்றைய வேதாசலம். அவருக்கும் சுந்தரம் பிள்ளைக்கும் ஆசிரியர் ஒருவரே: நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை. அடிகள் மேலைநாட்டு மனவியல் எழுத்துகளை, குறிப்பாக வசியம், தொலையுணர்வு ஆகியவை பற்றியவற்றை, ஆர்வத்துடன் பயின்றார். ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’ (1922), ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’ (1927), ‘தொலைவில் உணர்தல்’ (1935) ஆகியவை அப்பயிற்சியின் விளைவு. இவற்றின் கருத்துகளுள் பலவற்றை இன்றைய உளவியல் ஏற்பதில்லை. மொழியியலார்க்கு அது தடையன்று. தலைப்புகளில் வரும் ‘அல்லது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வடசொல்லைக் கூறி, அதனை விட்டு, தமிழ்ச்சொல்லை நிறுவும் முறை அது.

‘அறிதுயில்’ புதிதாகப் படைத்த சொல்லன்று. திருமால் பாம்பணையில் உறங்காமல் உறங்கும் நிலைக்கு வழங்கிய பழஞ்சொல். கிழக்கேகோட்டையில் கோயில் கொண்ட பத்மநாபன் கிடப்பதும் அந்நிலையிலேயே. இறைவனுக்குரிய இச்சொல்லை, மருத்துவர் ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நோயாளி அடையும் நிலைக்கு மாற்றியதில் துணிவு மிகுதி. கடவுள் துயிலில் அறிவு துயில்பவனிடம் உள்ளது. வசியத்தில் ஏவுபவனிடம் உள்ளது. அவ்வேறுபாடு இருந்தும் சொல் நிலைத்தது. ‘ஹிப்னாடிசம்’ என்ற ஒலிபெயர்ப்பு வழக்கில் வென்றபோதும், பாடநூல்களில் அறிதுயில் இடம்பெறுகிறது.

இச்சொல்லாக்க முறைக்கு இணையானது ‘நனவு’. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்னும் ஐந்து அவத்தைகளுக்கு நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் எனச் சைவர் தமிழ்ப்பெயர் வழங்கினர். அதற்கும் முன்னர் நனவும் கனவும் அகப்பாடல்களில் எதிரிணை; திருக்குறளின் 122ஆம் அதிகாரம் அவ்விணையின்மீதே இயங்குகிறது. உளவியலில் விழிப்புணர்வு நிலைக்கு ‘நனவு’ என்றும், பிராய்டு கூறிய அடித்தளத்திற்கு ‘நனவிலி’ என்றும் பெயர் அமைந்தபோது, எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. பிராய்டின் நூல்களுள் புகழ்பெற்றது கனவு விளக்கம் பற்றியது. 1900ஆம் ஆண்டு என அச்சிடப்பட்டு 1899இறுதியில் வெளிவந்தது. நனவிலியை அடையும் வழி கனவு என்று அவர் கூறியதைத் தமிழ்ச் சொற்களே கூறிவிடுகின்றன. ஆங்கிலத்திலோ செருமனியிலோ இவ்வொலியுறவு இல்லை. பெ. தூரன் பொதுவாசகர்க்கு எழுதியபோது ‘அடிமனம்’ என்ற எளிய சொல்லையே தலைப்பாக்கினார். இதழ்கள் ‘ஆழ்மனம்’ என்றன. இவை விளங்குவது எளிது. ஆயினும் மனத்தை அடுக்குகள் கொண்ட கட்டடமாகக் காட்டிவிடும் குறை இவற்றுக்கு உண்டு.

பாடம் தனித்து நின்றது

இந்தியாவில் உளவியல் தனித்துறையாகியது கல்கத்தாவில், 1916இல். மைசூர் 1924இல் பின்தொடர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் துறை அமைந்தது 1943இல். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937இல் தோன்றி 1957இல் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் உளவியல் துறையும் அதே 1957இல் தொடங்கியது. அதற்குள் அறிவியலின் இயல்பே மாறிவிட்டது. 1913இல் வாட்சன், உளவியல் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும், அகநோக்கை விட வேண்டும் என்று வாதிட்டார். அறிமுகப் பாடத்தின் முதல் இயலில் வரையறை மாறியது. நடத்தையின் அறிவியல் என்றாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் பெயர் நிலைபெற்ற காலமும் இதுவே. ‘உளநூல்’ சிலகாலம் வழங்கியது. நூல் என்பது புத்தகத்தையும் துறையையும் ஒருங்கே குறித்ததால் ‘உளநூல் நூல்கள்’ என எழுத நேர்ந்த இடர்ப்பாடு, ‘இயல்’ ஈற்றின் வெற்றிக்குத் துணைசெய்தது. பாடநூல் நிறுவனம் துறைகளைப் பட்டியலிட்டபோது வரலாறு, அரசியல் ஆகியவற்றின் அருகே ‘உளவியல்’ இடம்பெற்றுவிட்டது. ‘உள்’ என்னும் இடப்பொருட் பெயரே ‘உளம்’, ‘உள்ளம்’ ஆகியவற்றின் அடி. கருவியா தலைவனா என்ற பழைய வழக்கில் அது எப்பக்கமும் சாராதது. அகத்தே இருப்பது என்ற அளவோடு நிற்பது. ஆயினும் நடத்தையை ஆராயும் அறிவியல் என முதற்பக்கத்திலேயே கூறும் பாடத்தின் அட்டையில், உள்ளே இருப்பதன் இயல் என்ற பெயர் நிலைத்தது. முதலாண்டு மாணவர் சிலர் அதனை ‘உளவு’ என்ற சொல்லோடு இணைத்து நகைப்பதுண்டு. வேர் ஒன்றே என்பதால் அந்நகையில் சொற்பிறப்பியல் நியாயம் இல்லாமல் இல்லை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவனந்தபுரத்தின் தமிழர் கேரளத்தில் நின்றனர். 1968இல் பல்கலைக்கழக நிலைப் பாடநூல்களை மாநில மொழிகளில் ஆக்குவதற்கென நடுவணரசு ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒருகோடி ரூபாய் உதவித்திட்டம் வகுத்தது. அவ்வாண்டில் திருவனந்தபுரத்தில் கேரள மொழி நிறுவனம் தோன்றியது. ஒரே திட்டத்தின்கீழ், ஏறத்தாழ ஒரே ஆங்கில நூல்களை முன்வைத்து, இரு மொழிகள் தனித்தனியே சொல் தேடின. நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி திருவுருவம் மாநில எல்லையைக் கடந்து கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்திற்கு எழுந்தருள்கிறது. சொற்பட்டியல்களுக்கு அத்தகைய ஊர்வலம் ஏற்படவில்லை.

விளைவைக் கிழக்கேகோட்டையில் இருமொழியும் பேசும் மாணவர் நேரடியாக உணர்வார். மலையாளத்தில் துறையின் பெயர் ‘மனஃசாஸ்த்ரம்’. மனவெழுச்சிக்கு அங்கே ‘விகாரம்’. தமிழில் அதே சொல் தோற்றக் கேட்டைக் குறிக்கும். நனவுக்கு அங்கே ‘போதம்’. தமிழில் அது மெய்ஞ்ஞானமாகச் சித்தாந்த நூற்பெயரில் நிற்கிறது. வீட்டுத் தமிழையும் கல்லூரி மலையாளத்தையும் கொண்டு ஒரே பாடத்தைப் படிப்பவர், தெரிந்த சொற்களாலேயே வழிதவறும் நிலை இது. அறியாத சொல்லைவிட அறிந்த சொல் மொழிபெயர்ப்பில் மிகுந்த இடர் தரும்.

காட்சியும் உணர்ச்சியும்

பாடநூல் ஆசிரியர்க்கு மிகக் கடினமாக அமைந்தது புலன்களைப் பற்றிய இயல். புலன்வழி வரும் தூண்டுதலை ஏற்பது ஒரு நிலை. அதனை இன்னதென்று அறிவது அடுத்த நிலை. பின்னதற்குத் தமிழில் ‘புலன்காட்சி’ என்ற பெயர் நிலைபெற்றது. காட்சி என்பது அளவை நூலில் பிரத்தியட்சத்தின் தமிழ்ப்பெயர். கருதல், உரை என்பவற்றோடு வரும் முதல் அளவை. அந்நூலார்க்கு ஐம்புலன் அறிவும் காட்சியே. செவியால் கேட்பதும் காட்சி, நாவால் சுவைப்பதும் காட்சி. இன்றைய மாணவர்க்கோ காட்சி என்பது கண்ணால் காண்பது. அல்லது திரையரங்கில் மாலைக் காட்சி. ‘செவிப்புலக் காட்சி’ என்ற தொடரைப் படிக்கும்போது அவர் தடுமாறுவது இயல்பு. சொல் பிழையானதன்று. அதனைத் தாங்கிய அளவை நூற்கல்வி வகுப்பறையிலிருந்து நீங்கிவிட்டது. ‘புலனறிவு’ எனப் பின்வந்தோர் சிலர் மாற்றினர். அதில் தடுமாற்றம் குறைவு. புலனை ஏற்கும் முதல்நிலையிலிருந்து பிரித்துக்காட்டும் திறமும் குறைவு.

‘உணர்’ என்ற வினையின் கதை இதற்கு மறுதலை. பழந்தமிழில் உணர்தல் பெரும்பாலும் அறிதலும் தெளிதலும் ஆகும். உணர்ந்தோர் என்றால் கற்றறிந்தோர். பிற்காலத்தில் அது உடலால் அறிவதையும் உள்ளத்தால் நுகர்வதையும் தழுவி விரிந்தது. அறிமுகப் பாடத்தில் இவையனைத்தும் தனித்தனி இயல்கள். மலையாளம் சம்வேதனம், பிரத்யக்ஷணம், விகாரம் எனத் தொடர்பற்ற மூன்று சொற்களை வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. தமிழ் ஒரே வேரின் ஈறுகளை வேறுபடுத்த முயன்றது: -வு ஈற்று ‘உணர்வு’ பொதுநிலைக்கும், -ச்சி ஈற்று ‘உணர்ச்சி’ கிளர்ந்த நிலைக்கும். ஈறுகளிடையே இத்தகைய பொருள்வேறுபாடு தமிழ் இலக்கணத்தில் இயல்பாக இல்லை. முயற்சி, தளர்ச்சி, தளர்வு, அயர்ச்சி, அயர்வு என்பவற்றில் அதனைக் காண இயலாது. இலக்கணம் தாராத வேறுபாட்டைக் கலைச்சொல் ஆணையால் தர முயன்றதால், ஒரே நூலின் இரு பக்கங்களிலேயே இரண்டும் இடம்மாறி நிற்பதைக் காணலாம். ஆசிரியர்களின் கவனக்குறைவு என இதனைத் தள்ளிவிட முடியாது.

கல்வியியல் நூல்கள் ‘மனவெழுச்சி’ என்ற சொல்லை நாடின. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம், அழுகை, இளிவரல், உவகை, நகை, பெருமிதம், மருட்கை, வெகுளி என எட்டை வகுத்து, உடலில் வெளிப்படும் குறியால் உள்ளநிலையை அறியும் முறை கண்டது. 1884இல் வில்லியம் சேம்சு, அடுத்த ஆண்டில் கார்ல் லாங்கே, உடல் மாற்றமே மனவெழுச்சிக்கு அடிப்படை என்று கூறினர். மெய்யில் படுவது என்ற சொல்லமைப்பு இக்கொள்கைக்கு எவ்வளவு அணுக்கமானது என்பதைச் சுட்டவேண்டியதில்லை. ஆயினும் பாடநூலார் ‘மெய்ப்பாடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. செய்யுளியல் வாடை வீசும் என அஞ்சியிருக்கலாம். தத்துவத்திலிருந்து காட்சியையும் நனவையும் தயங்காமல் பெற்றவர்கள் இலக்கணத்திலிருந்து இதனைப் பெறத் தயங்கியது வருந்தத்தக்கது.

நடத்தைக் கொள்கை தந்த சொற்களுக்கு மரபு உதவவில்லை. ‘தூண்டல்’ எளிதில் அமைந்தது. அதன் இணையான ‘துலங்கல்’, ஒளிர்தலைக் குறிக்கும் வினையிலிருந்து மோனை கருதி ஆக்கப்பட்டது போலும். வகுப்பறைக்கு வெளியே அது செல்லவில்லை. மக்கள் ‘எதிர்வினை’ என்கின்றனர். ‘நுண்ணறிவு’ வேறுவகைச் சிக்கல். நுண்மை என்பதிலேயே உயர்வு அடங்கியிருப்பதால் ‘குறைந்த நுண்ணறிவு’ முரணாக ஒலிக்கிறது. பினே 1905இல் தம் அளவுகோலை வெளியிட்டது, கற்பதில் பின்தங்கும் குழந்தைகளை அடையாளம் காண்பதற்கே என்பதை நினைவில் கொள்க. ‘ஆளுமை’ என்பது ஒவ்வொருவர்க்கும் உரியது எனப் பாடம் கூறுகிறது. இதழ்களிலோ ‘இலக்கிய ஆளுமை’ என்றால் புகழ்பெற்றவர். இரண்டாம் பொருள் வலுப்பெற்று வருகிறது.

மனம் எங்கே சென்றது

உளம் துறையின் பெயரை வென்றபின் மனம் மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டு வழக்கில் இரண்டும் ஒருவகைப் பங்கீட்டில் நிற்பது ஆராயத்தக்கது. அறிவியலையும் அதன் முறைகளையும் குறிக்கும்போது உள-: உளவியல், உளப்பகுப்பாய்வு. மனிதர் அடையும் நிலைகளைக் குறிக்கும்போது மன-: மனநோய், மனச்சோர்வு, மனப்பான்மை, மனநலம். ஆராய்பவர்க்கு உளம், துன்புறுபவர்க்கு மனம் எனலாம். பேச்சுமொழியின் ‘மனசு’ இரண்டாம் தொகுதியை உயிரோடு வைத்திருக்கிறது. ‘மனசு சரியில்லை’ என்று மருத்துவரிடம் வருபவர் ‘உளம்’ என்ற சொல்லைப் பேச்சில் ஒருபோதும் ஆள்வதில்லை.

இப்பங்கீட்டின் விளைவாக, துறைப்பெயர் அடைமொழியாகவும் உழைக்க நேர்ந்துள்ளது. ‘உளவியல் சிக்கல்’ என்பது ஓர் அறிவியலில் எழும் சிக்கலா, ஒருவரின் உள்ளத்தில் எழும் சிக்கலா? ‘உளவியல் பாதிப்பு’ என்ற நாளிதழ்த் தொடர், சொல்லளவில், உளவியலால் நேர்ந்த கேடு. ஆங்கிலமும் இதே மயக்கத்தை உடையது. அம்மயக்கத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் தமிழுக்கு இல்லை. ‘உளம்சார்’, ‘மனம்சார்’ என்பன கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.

ஈழத்தமிழ் வேறு வழியில் சென்றது. அங்கே உள- அறிவியலின் எல்லையைக் கடந்து நிலைகளுக்கும் பரவியது: உளநலம், உளசமூகப் பணி, உளவளத்துணை. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் விளைத்த துயரினிடையே, பாடநூலில் மட்டும் வாழ்ந்த சொல்லாக்கம் முகாம்களிலும் பள்ளிகளிலும் வாய்மொழியாகிய நிலையை அங்குக் காண்கிறோம். ‘சீர்மியம்’ என்ற சொல்லும் உடன் வழங்கியது. தமிழ்நாட்டில் அதே பணிக்கு ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற பெயர் உண்டு. பரிசில் பெற்ற பாணன், பெறாதவனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டிய துறையின் பெயர் அது. வழிகாட்டுபவனும் ஒருகாலத்தில் அதே வறுமையில் இருந்தவன் என்னும் பொருள் அதனுள் உண்டு. தமிழ்நாட்டு மருத்துவமனைப் பலகைகளில் பெரும்பாலும் ‘கவுன்சலிங்’ என்றே எழுதப்பட்டுள்ளது. கிழக்கேகோட்டையில் அதே ஒலி மலையாள எழுத்தில்.